வெறும் நாற்காலியின் எண்ணிக்கை

ஜூன் 12, வியாழன்

ஜஸ்டஸ் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காரில் நான் டிரைவருக்குப் பக்கத்தில், அவர் பின்சீட்டின் எதிர்மூலையில். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை நான் மூன்று முறை வாசித்தேன். மற்றவர்களிடமிருந்து இரண்டு மீட்டர் தூரம். குழந்தையை மூன்று வாரம் தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது. தனித் தட்டு, தனித் தம்ளர், தனிக் குளியலறை. நிறையத் தண்ணீர்.

ஏப்ரலில் தைராய்டு சுரப்பியை எடுத்தார்கள். புற்று அதைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை என்றார்கள். எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் கருக்கக் கதிரியக்க அயோடின், ஒரே ஒரு மாத்திரை. திங்கட்கிழமை விழுங்கினார். அன்று முதல் அவர் உடம்பிலிருந்து கதிர் வருகிறது. அது தானாகத் தீரும்வரை எட்டத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னாள்.

அபிஷா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஓடி வரக் கூடாது என்று நூறு தரம் சொல்லி வைத்திருந்தேன். ஓடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, கவுனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் தூரத்திலிருந்தே கையாட்டிவிட்டு வெளிப்படி வழியாக மாடி அறைக்கு ஏறினார்.

"அப்பா மெலிஞ்சிட்டாவ," என்றாள்.

கஞ்சியும் பயறும் மேல்படியில் ஸ்டூலில் வைத்துவிட்டு இறங்கினேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. நல்லது.

ஜூன் 13

காலையில் தலை பின்னும்போது அபிஷா கேட்டாள்: "அப்பாவுக்க உள்ள இருக்கது எப்பம் தீரும்?"

"மூணு வாரத்துல."

"தீந்துட்டுன்னு எப்படித் தெரியும்?"

"காலண்டர் பாத்து."

"காலண்டர் அப்பாவுக்க உள்ள பாக்குமா?"

பாலிடெக்னிக் போகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். எலக்ட்ரானிக்ஸ் லேபில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். பழுதான எத்தனையோ கருவிகளைச் சரி செய்திருக்கிறேன். கதிரை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆனால் செய்துவிடலாம்.

மத்தியானம் பிசிக்ஸ் தாணு சாரிடம் கேட்டேன். தாணுமாலயன் சாரும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாப்பாட்டு டப்பா மூடியில் பேனாவால் வரைந்து காட்டினார். ஒரு சின்ன சிலிக்கான் டயோடு, சுண்டுவிரல் நகத்தில் பாதி. கதிர் ஒன்று அதில் பட்டால் சில ஆயிரம் எலக்ட்ரான்கள் வெளிவரும். அது இருந்ததாகவே யாருக்கும் தெரியாத அளவு. அந்தத் துளி மின்னூட்டத்தைச் சிந்தாமல் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் ஒரு துடிப்பாக மாற்ற ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால், மீதியெல்லாம் எண்ணுகிற வேலைதான்.

"செய்யது கஷ்டம் இல்ல, டீச்சர். அத அமைதியா இருக்க வைக்கதுதான் கஷ்டம்," என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கு வேகவைத்தேன். அவருக்கு மீன் குழம்பு காரம் குறைத்து. மத்தியானம் பூரா சாப்பாட்டு மேஜையில் சால்டரிங். முதல் கட்டத்தில் எஃப்.இ.டி. என்கிற ஒரு டிரான்சிஸ்டர். பின்னூட்டத்துக்கு ஒரே ஒரு பிகோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் குறுக்கே நூறு மெகா ஓம் ரெசிஸ்டர். ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தேன்.

மின்னலைகளைத் திரையில் காட்டும் ஸ்கோப்பைத் தாணு சாரிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். அதில் போட்டால் துடிப்பு எங்கே இருக்கிறது? கரண்டின் ஐம்பது ஹெர்ட்ஸ் அலைதான் பெரிதாக ஆடுகிறது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் திரை முழுக்க மழை.

ஜூன் 16

டப்பா மூடியின் ஓரத்தில் பெயின்ட் இருந்திருக்கிறது. உரசி எடுத்து மூடிக்கும் எர்த் கொடுத்தேன். மிக்ஸி மழை நின்றது. அலை பாதியாகக் குறைந்தது.

ஜூன் 18

எஃப்.இ.டி.யின் கேட் என்கிற கால் போர்டைத் தொடவே கூடாது, காற்றில் நிற்க வேண்டும் என்று இன்று புரிந்தது. போர்டில் படிந்திருக்கும் சால்டரிங் பசை வழியாகவே மின்சாரம் கசிகிறது. எல்லாவற்றையும் கழற்றி ஸ்பிரிட் ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். டயோடு, கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், கேட், நான்கு கால்களும் அந்தரத்தில் ஒரே புள்ளியில் சேரும்படி ஒட்டினேன். கைவிரல் பட்டால்கூட அந்தப் புள்ளி கெட்டுவிடும்.

அதைச் செய்துகொண்டிருக்கும்போது மேலே பாட்டுச் சத்தம். ரேடியோ என்று நினைத்தேன். அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் சபையில் பாடகர் குழுவில் பாடினவர். இந்தப் பதிமூன்று வருஷத்தில் வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. உடம்பு தேறுகிறது என்றுதான் அர்த்தம்.

தட்டு வைக்கப் போகும்போது கீழ்ப்படியிலிருந்து கேட்டேன். "தொண்டை வலி இருக்கா?"

"இல்ல."

"வேற எதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன்."

பாட்டு நின்றுவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 21, சனி

டயோடுக்குள் வெளிச்சம் போனாலும் துடிப்பு வரும் என்பதால் கறுப்பு டேப்பும் அதன்மேல் அலுமினியத் தாளும் சுற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டப்பாவை லேசாகத் தட்டினால் துடிப்பு வருகிறது. ஆகவே அடியில் ஸ்பாஞ்ச். மின்விசிறியை நிறுத்தினேன். பேசாமல் இரு என்று அபிஷாவிடம் சொன்னேன், அது தேவையே இல்லை என்றாலும்.

தாணு சார் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையிலிருந்து கறுப்பு மணல் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். அந்த மணலில் இயற்கையாகவே தோரியம் இருக்கிறது. மணல் இல்லாமல் பத்து நிமிஷத்தில் இரண்டு எண்ணிக்கை. மணலைப் பக்கத்தில் வைத்ததும் பத்து நிமிஷத்தில் முப்பத்தேழு.

ஸ்கோப்பில் ஒவ்வொரு துடிப்பும் சட்டென்று எழுந்து மெதுவாக இறங்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். அபிஷா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுதியளாம்மா?" என்றாள். ஸ்பிரிட் நெடி என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாடி அறையில் ஒரு நாற்காலி போட்டு, அதன் முதுகில் டப்பாவைக் கட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன். அவர் வந்து அதில் கழுத்து ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். பத்து நிமிஷம்.

நானூற்றுப் பன்னிரண்டு.

"அவ்வளவா?" என்றார்.

"குறையும். நாலு நாள் கழிச்சு பாத்தா எவ்வளவு வேகத்துல குறையுதுன்னு தெரிஞ்சிரும்."

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே செஞ்சதா?"

"பின்ன?"

"கொள்ளாம்," என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் என் வேலை ஒன்றை அவர் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை. இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்துதான். இருக்கட்டும்.

கீழே கிராஃப் தாள் ஒட்டினேன். அபிஷா முதல் புள்ளியைச் சிவப்பு ஸ்கெட்சால் வைத்தாள். காகிதத்தின் அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். சும்மா இருக்கும் அறையிலேயே இரண்டு மூன்று வரும், புள்ளி இந்தக் கோட்டுக்கு வந்தால் அப்பாவிடம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"அப்பம் மடியில இருக்கலாமா?"

"இருக்கலாம்."

ஜூன் 26

251.

ஜூன் 30

149. சரியாக வளைந்து இறங்குகிறது. ஐந்தரை நாளில் பாதியாகிறது. லேபில் பையன்களுக்குச் செமஸ்டர் பிராக்டிக்கல். இரண்டு பவர் சப்ளை புகைந்தது. துணி துவைக்க நேரமில்லை.

ஜூலை 3, வியாழன்

மூன்று வாரம் முடிந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். தாளில் சொன்ன நாள் முடிந்துவிட்டால் பிள்ளையைத் தூக்கலாம், எல்லாரும் ஒன்றாக இருக்கலாம், ஒரு தடையும் இல்லை என்றார்கள்.

ஆப்பம் சுட்டேன். கீழ் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு. அபிஷாவுக்கு லீவு போட்டேன், ஒருநாள்தானே. படிக்கட்டில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

அவர் கதவருகே வந்து நின்றார். "மிஷின்ல எவ்வளவு காட்டுச்சு?"

"இன்னைக்கா? நூத்தி ஆறு. ஆனா அது பெரிசில்ல. டாக்டர் சொல்லியாச்சு."

"இன்னும் நூறு இருக்கே, சுகந்தி. பிள்ள சின்னப் பிள்ள. மிஷின் சொல்லதத்தான கேக்கணும்? அதுக்குத்தான செஞ்ச?"

அவர் பிள்ளைக்காகத்தான் யோசிக்கிறார். நான்தான் டப்பாவை அவ்வளவு நுணுக்கமாகச் செய்துவிட்டேன், ஒன்றுமில்லாத அளவையும் அது பெரிதாகக் காட்டுகிறது. அபிஷாவிடம், அப்பா உனக்காகத்தான் இன்னும் மாடியில் இருக்கிறார் என்றேன். ஆப்பம் அவருக்கு மேலே போயிற்று.

ஜூலை 10

44.

தாணு சார் கேட்டார்: "இன்னுமா மாடியில இருக்காவ? அந்த அளவு ஒண்ணுமே இல்ல டீச்சர். நம்ம கடற்கரையில ஒரு வீட்டுல இருக்கது மாதிரிதான்."

அவர் அப்படி எச்சரிக்கையான ஆள், எல்லாவற்றிலும் அப்படித்தான் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

மேலே போனில் பேசிக்கொண்டிருந்தார். "தக்கலையிலதான? தண்ணி எப்படி? கிணறா, பைப்பா? ஒரு ஆளுக்குத்தான், சின்னதா இருந்தாப் போதும்." ஆபீஸில் புதிதாக மாற்றலாகி வருகிற யாருக்கோ வீடு பார்க்கிறார் போல. மெடிக்கல் லீவிலும் பிறர் காரியம்தான். அவர் சுபாவம் அது.

நாளை கேஸ் சிலிண்டர் வரும். அபிஷாவின் ஸ்கூல் ஷூ அறுந்துவிட்டது.

ஜூலை 17

19. அபிஷா இப்போது தாளில் புள்ளி வைத்ததும் விரலால் கோடுவரை அளந்து பார்க்கிறாள். "ரெண்டு விரல்தாம்மா இருக்கு."

ஜூலை 20, ஞாயிறு

சபையில் கிரேஸ்லின் மைனியைப் பார்த்தேன். ஜஸ்டஸின் அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அவன் ஒங்கிட்ட எதாச்சும் பேசினானா?" என்றார்.

"என்ன பேசணும் மைனி?"

"ஒண்ணும் இல்ல. நீயா கேளு. நீ கேட்டாத்தான் நல்லது."

உடம்பைப் பற்றி ஏதாவது மறைக்கிறாரோ என்று நினைத்தேன். வந்ததும் எல்லா ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்து வரி வரியாக வாசித்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. மைனி எப்போதும் இப்படித்தான் பயமுறுத்துவார்.

ஜூலை 24

9.

ஜூலை 31, வியாழன்

அவர் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் மூன்று. மறுபடி பத்து நிமிஷம், இரண்டு. அவர் எழுந்து போனபின் வெறும் நாற்காலிக்குப் பத்து நிமிஷம் வைத்தேன். இரண்டு. இன்னொரு தடவை. மூன்று.

அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. அபிஷாவிடமும் சொல்லவில்லை. டப்பாவில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று தோன்றியது. டயோடு செத்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். பேட்டரி இறங்கியிருந்தாலும் காட்டும். நிச்சயமில்லாமல் ஒன்றைச் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 1

மணலை வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு. டயோடு உயிரோடுதான் இருக்கிறது. இருந்தாலும் சின்னத் துடிப்புகளை விட்டுவிடுகிறதோ என்னவோ.

ஆகஸ்ட் 2, சனி

புதிதாக இன்னொரு ப்ரீஆம்ப் செய்தேன். காலையிலிருந்து நாலு மணிவரை. இந்த முறை எஃப்.இ.டி. பத்தை அளந்து, அதில் இரைச்சல் குறைந்ததை எடுத்தேன். ஒரே டயோடுக்குப் பதில் நான்கு. செம்புத் தகட்டில் தனி உறை. கழுவிக் காயவைத்து, திரும்பக் கழுவி. மதியச் சாப்பாட்டுக்கு அபிஷாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன், எனக்குப் பசி இல்லை.

தாணு சார் பழைய ஸ்கோப்பைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர் மேஜையைப் பார்த்தார். போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரொம்ப அழகா செஞ்சிருக்கிய. ஆனா பழசுக்கு என்ன கேடு?"

"நம்ப முடியல சார்."

"நான் பாத்தேன்லா. அதுல ஒரு குறையும் இல்ல." போர்டை மேஜையில் திரும்ப வைத்தார். அப்புறம், "ஸ்கோப் இங்கயே இருக்கட்டும் டீச்சர். எனக்கு அவசரம் இல்ல," என்று போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை.

புது டப்பா. நான்கு டயோடு என்பதால் வெறும் அறைக்கே கூடுதலாக வரும். நாற்காலி மட்டும்: பதினொன்று. அவர் உட்கார்ந்து: பத்து. நாற்காலி: ஒன்பது. அவர்: பத்து.

வெறும் நாற்காலியையும் அவரையும் இனிமேல் எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. என்னால் இதைவிட அமைதியான ஒன்றைச் செய்யவும் முடியாது.

ஆகஸ்ட் 4

"தீர்ந்துட்டு," என்றேன். அறைக்குள்ளேயே போய், கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு டப்பாவிலயும் பாத்தேன்."

"ஒரு வாரம் போகட்டும். அவசரம் என்ன?"

கீழே வந்தேன். அபிஷா சிவப்பு ஸ்கெட்சை மூடி திறந்து வைத்துக்கொண்டு தாளுக்கு முன்னால் நின்றிருந்தாள். "எத்தனம்மா?"

"நாலு," என்றேன். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே அவளே புள்ளி வைத்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு ரீடிங்கைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. பையன்கள் மாற்றி எழுதினால் ரெக்கார்டைக் கிழித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

அபிஷாவுக்குக் காய்ச்சல். 101. அப்பா வேண்டும் என்று அழுதாள். அவர் மேல்படியில் நின்றபடி, "மருந்து குடுத்தியா? டாக்டர்ட்ட போணுமா?" என்று நாலைந்து தரம் கேட்டார். முகத்தில் அவ்வளவு பதற்றம். ஆனால் இறங்கவில்லை. ஒரு படிகூட.

ஆகஸ்ட் 7

காய்ச்சல் விட்டுவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

இதை எழுதி முடித்துவிட வேண்டும்.

அபிஷாவைக் காலையில் மைனி வீட்டில் விட்டேன். மைனி ஒன்றும் கேட்காமல் பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டார். திரும்பி வந்து நேராக மாடிக்குப் போனேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அறை அவ்வளவு சுத்தமாக இருந்தது. புத்தகங்கள் அடுக்கி, தம்ளர் கவிழ்த்து, துண்டு மடித்து. கீழே அவர் ஒரு துண்டை மடித்து நான் பார்த்ததில்லை.

"தக்கலையில வீடு யாருக்கு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கப் போகிறேன் என்று படி ஏறும்போதுகூட எனக்குத் தெரியாது.

ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "எனக்குத்தான்."

"வேற யாராவது இருக்காவளா?"

"ஒருத்தரும் இல்ல. சத்தியமா இல்ல. இருந்தா சொல்லது லேசா இருந்திருக்கும்."

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரியில மாத்திரைய தந்துட்டு கதவ அடச்சிட்டுப் போனாவ. சாப்பாட்ட வெளிய வச்சிட்டு மணி அடிப்பாவ. எனக்குப் பயமா இருக்கும்னு நெனச்சேன். அழுவேன்னு நெனச்சேன். மூணு நாளும் நல்லா தூங்கினேன், சுகந்தி. எந்திரிச்சா யாருக்கும் ஒண்ணும் சொல்லாண்டாம். முகத்த எப்படி வச்சிருக்கணும்னு யோசிக்காண்டாம். இங்க வாறப்போ கார்ல ஒரே ஒரு நெனப்புதான், இன்னும் மூணு வாரம் இருக்குன்னு."

"இருக்குன்னு சந்தோஷமா?"

அவர் தலையாட்டினார்.

"நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒரு தப்பும் செய்யல. உன்ன மாதிரி ஒருத்தரும் பாத்துக்க மாட்டாவ. அதான் என்னால சொல்லவே முடியல. இந்த நோய் வந்தன்னைக்கு டாக்டர் சொன்னாவள்லா, அப்பம் எனக்கு முதல்ல வந்த நெனப்பு சாவு இல்ல. நீயும் பிள்ளயும்கூட இல்ல. இனி எல்லாரும் என்னைய கொஞ்சம் விட்ருவாவன்னுதான் நெனச்சேன். அப்படி நெனச்சவன் உன் கூட இருக்கது உனக்குச் செய்யற துரோகம்."

"சரி பண்ணலாம்," என்றேன். "மாடியிலயே இருங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். சாப்பாடு மட்டும் வச்சிட்டுப் போறேன். பெங்களூரில ஒரு கவுன்சலர் இருக்காவளாம், போன்லயே பேசலாம். ட்ரான்ஸ்ஃபர் வேணும்னா…"

"சுகந்தி."

நிறுத்தினேன்.

"எல்லாத்தையும் சரி பண்ணிரலாம்னு நெனக்க நீ. கெட்டுப் போனாத்தான சரி பண்ண? இது கெடல. முதல்லேருந்தே இப்படித்தான் இருந்துச்சு. எனக்கே தெரியல."

அதற்குப்பின் நான் சத்தம் போட்டேனா, அழுதேனா என்று எழுத விருப்பமில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். "பிள்ள என்ன செஞ்சா? அவளத் தொடாம இருந்தியளே. காய்ச்சல்ல கிடந்தாளே."

அப்போதுதான் அவர் உடைந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அவளத் தூக்கிட்டா அப்புறம் என்னால போவ முடியாது. அதுக்குத்தான் அந்த மிஷின பிடிச்சிகிட்டு இருந்தேன்."

அவர் முதுகு குலுங்கியது. எழுந்து போய்த் தொடலாம் என்று கை வந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அபிஷாவை அழைத்து வந்து தாளுக்கு முன்னால் நிறுத்தினேன். "அம்மா ஒரு தப்பு செஞ்சிட்டேன் மக்கா. அன்னைக்கு நாலு இல்ல. சும்மா இருக்க ரூம்ல எவ்வளவு வருமோ அவ்வளவுதான். அப்பாட்ட இப்பம் ஒண்ணும் இல்ல."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. படியில் ஓடினாள். நான் பின்னால் போகவில்லை. மேலே கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

கீழே வந்தபோது அவளுடைய தலைமுடியின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"அப்பா தக்கலைக்குப் போறாவளாம். சனிக்கிழமை சனிக்கிழமை வருவாவளாம்," என்றாள். "நம்ம டப்பா நல்லா வேலை செய்யுதுல்லாம்மா?"

"நல்லா செய்யுது."

"பின்ன ஏன்?"

இட்லி வேண்டுமா தோசை வேண்டுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

போய்விட்டார். இரண்டு பெட்டி, ஒரு கட்டில், மேஜை. லோடு ஆட்டோக்காரர் கட்டிலை ஏற்ற ஆள் தேடியபோது ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன்.

தினமும் போடுகிற தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், மறக்கக் கூடாது என்றேன். சரி என்றார். டிசம்பரில் ஸ்கேன் என்றேன். ஞாபகம் இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 19

மேல்படிக்குத் தட்டு எடுத்துக்கொண்டு பாதிவரை ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 8

தாணு சார் கேட்டதால் புது ப்ரீஆம்பை லேபுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வருஷப் பையன்களுக்கு ஒரு பரிசோதனையாக வைக்கப் போகிறார். குறிப்பில் என் பெயர் போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பிறகு, போடுங்கள் என்றேன்.

அக்டோபர் 22

மழை. அபிஷா கணக்கில் முழு மதிப்பெண். முதலில் அப்பாவுக்குப் போன் செய்தாள், பிறகு என்னிடம் காட்டினாள்.

டிசம்பர் 11, வியாழன்

ஸ்கேனுக்கு மைனிதான் அவருடன் திருவனந்தபுரம் போனார். நான் லேபில் இருந்தேன். பதினொன்றரைக்கு அவரே போன் செய்தார்.

"சுகந்தி, ஒண்ணும் இல்லயாம். ரத்தத்துலயும் இல்ல, ஸ்கேன்லயும் இல்ல. முழுசா போயிட்டாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு லேப் வராந்தாவுக்கு வந்தேன்.

"கேக்கியா?"

"கேக்கேன்."

"ஒங்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணிச்சு."

"சந்தோஷம்," என்றேன். "ரொம்ப சந்தோஷம்."

"பிள்ளைட்ட சொல்லிரு. சனிக்கிழமை வாறேன்." கொஞ்சம் தயங்கினார், வேறு ஏதோ சொல்லப்போகிறவர் போல. "சாப்பிட்டியா?" என்றார்.

"இனிதான்."

வைத்துவிட்டார்.

பள்ளிக்கூட வாசலிலேயே அபிஷாவிடம் சொன்னேன். பையைத் தரையில் போட்டுவிட்டுக் குதித்தாள். வீடு வரும்வரை குதித்துக்கொண்டே வந்தாள். வாழைப்பழ அப்பம் சுட்டேன். மைனி வீட்டுக்கும் தாணு சார் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

மார்ச்சில் பயாப்ஸி முடிவு வந்த நாளிலிருந்து நான் ஒரே ஒரு ஜெபம்தான் செய்திருக்கிறேன். அவர் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் பேராசை ஆகிவிடும், கேட்டதும் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து, வார்த்தையை எண்ணி எண்ணிக் கேட்டேன். எங்களோடு என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் அபிஷாவும் நானும் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் சொன்னோம். அவள் ஆமென் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நானும் சொல்லிவிட்டேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.